பெயர் தெரியாத அணைகள்: கெல்லி பார்ன்ஸ் கரை உடைப்பு, 1977

1977 நவம்பர் 6, ஞாயிறு அதிகாலை 1.30 மணி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டக்கோவா என்ற சிற்றூரை ஒட்டி ஒரு மண் கரை உடைந்தது. அதன் பெயர் கெல்லி பார்ன்ஸ் அணை. உடைவதற்கு முந்தின நாள்வரை அந்த வட்டாரத்துக்கு வெளியே அதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. உடைந்த தண்ணீர் டக்கோவா ஓடையில் இறங்கி, 186 அடி உயர அருவியைத் தாண்டி, அருவிக்குக் கீழே இருந்த ஒரு சிறிய வேதாகமக் கல்லூரி வளாகத்துக்குள் புகுந்தது. 39 பேர் இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் குழந்தைகள். எல்லோரும் தூக்கத்தில் இருந்த நேரம்.

அணை விபத்து என்றாலே பெரிய அணைகளைத்தான் பேசுகிறோம். நான் இந்தச் சிறிய அணையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கெல்லி பார்ன்ஸ் கரையின் அளவுகளைத் தாளில் எழுதி ஊர் பெயரை மறைத்துவிட்டால், அது நம் பக்கத்து ஏரிகளில் ஒன்றாகவே தோன்றும். உயரம் பாறை அடித்தளத்திலிருந்து சுமார் 42 அடி. கரையின் நீளம் சுமார் 400 அடி. மேல்தளம் 20 அடி அகலம், ஒரு வண்டி தாராளமாகப் போகலாம். நீர்ப்பரப்பு சுமார் 40 ஏக்கர். உடைந்த இரவில் வெளியேறிய தண்ணீர் சுமார் 630 ஏக்கர் அடி, அதாவது 27 மில்லியன் கன அடி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதில் நூற்றுமுப்பதில் ஒரு பங்குகூடத் தேறாத தண்ணீர் இது.

இந்தக் கொஞ்சத் தண்ணீர் ஒரே மூச்சில் வந்ததுதான் வினை. அணைக்குக் கீழே சுமார் 800 அடி தூரத்தில் உச்ச வெள்ளம் விநாடிக்கு 24,000 கன அடி ஓடியிருக்கும் என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை கணக்கிட்டது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிடப்பட்ட உச்ச அளவு சுமார் 29,000 கன அடி. அடையாறு போன்ற ஒரு ஆற்றுக்கே தாங்காத அந்த அளவை நெருங்கிய வெள்ளம், கால் நனையக் கடக்கும் ஓர் ஓடையில் வந்தது. அதே வேகத்தில் ஓடியிருந்தால் மொத்தத் தண்ணீரும் தீர இருபது நிமிடம் போதும். கொள்ளளவைப் பார்த்து ஒரு அணையைச் சிறியது, பாதகமில்லை என்று தீர்மானிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

அணை வளர்ந்த விதம்

இந்த அணையை யாரும் ஒரே தடவையில் வடிவமைத்துக் கட்டவில்லை. 1899இல் ஒரு சிறிய நீர்மின் நிலையத்துக்காக, மரச்சட்டங்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கி உள்ளே கல் நிரப்பிய தடுப்பு ஒன்று ஓடையின் குறுக்கே எழுந்தது. 1930களின் பிற்பகுதியில் அந்த வேதாகமக் கல்விநிலையம் தனக்கு மின்சாரம் எடுக்க இந்த இடத்தைத் தேர்ந்துகொண்டது. பழைய கல் தடுப்பை அகற்றாமல் அதன் மேலேயே மண்ணைக் கொட்டிக் கரையாக்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இன்னும் மண் போட்டு உயர்த்தினார்கள். 1957இல் மின் உற்பத்தி நின்றது. அதன்பின் இருபது ஆண்டுகள் அது மீன் பிடிக்கவும் பொழுது போக்கவுமான ஏரியாகவே இருந்தது.

மண் கரையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இந்த வரலாற்றைப் படிக்கும்போதே வயிற்றில் ஏதோ செய்யும். நல்ல மண் கரை என்பது அடுக்கடுக்காகப் பரப்பி, அளவான ஈரம் கொடுத்து, உருளை ஓட்டி இறுக்கியது. கரைக்குள் கசியும் நீர் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்க, வெளிப்பக்கம் மணலும் சரளையும் கொண்ட வடிகட்டி அடுக்கு இருக்க வேண்டும். இங்கே நடுவில் இருந்ததோ பெருங்கற்களும் அவற்றிடையே வெற்றிடங்களும். அதைச் சுற்றி நுண்ணிய மண். கசிவு நீர் மண் துகளை இழுத்து வந்தால், அந்த வெற்றிடங்கள் அதை வாங்கிக்கொண்டே இருக்கும். மரச்சட்டம் காலப்போக்கில் மக்கினால் புதிய இடைவெளியும் உண்டாகும். கரைக்குள் இப்படி ஒன்று இருப்பதை மேலே புல் வளர்ந்த பிறகு யாரும் பார்க்க முடியாது.

மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன பழைய குழாய் வேறு. மண் கரைக்குள் குழாய் போனால் அதன் இரு விலாவிலும் அடியிலும் மண்ணைச் சரியாக இறுக்குவது கடினம். உருளை அங்கே நுழையாது. தண்ணீர் எப்போதும் தளர்ந்த வழியையே தேடும், குழாயின் வெளிப்புறத்தோடு ஒட்டி நடக்கும். நம் ஏரிகளில் மதகை ஒட்டித்தான் கசிவு முதலில் தலைகாட்டுகிறது என்பது கரைக்காவல் பார்த்த எல்லோருக்கும் தெரியும். அதே காரணம்தான்.

வெளிச்சரிவு செங்குத்தாக இருந்தது. உயர்த்தும்போது மேலே மண் போட்டவர்கள், அதற்கு ஏற்ப அடியை அகலப்படுத்தவில்லை என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடியும். சாதாரண மண் கரைக்கு ஓர் அடி உயரத்துக்கு இரண்டு அடியாவது கிடையாக நீட்டிச் சாய்ப்பது வழக்கம். மண்ணின் தன்மை பார்த்து அதற்கும் மேலே. செங்குத்தாக விட்ட கரை காய்ந்திருக்கும்வரை நிற்கும். உள்ளே ஈரம் ஏறியதும் மண்ணின் பிடிமானம் குறையும், எடை கூடும், சரியும்.

சரிவின் மேல் மரங்களும் புதர்களும் அடர்ந்திருந்தன. பார்வைக்குக் கரை மலையோடு மலையாகக் கலந்து அழகாக இருந்திருக்கும். கரையடி ஈரமாக இருக்கிறதா, ஊற்று கிளம்புகிறதா, மண் வெடித்திருக்கிறதா என்று பார்க்கும் வழி அந்தப் பச்சைக்குள் மறைந்துபோனது. வரைபடமோ கட்டுமானக் கணக்கோ மண் சோதனை அறிக்கையோ இல்லாத ஓர் அணையில், கண்ணால் பார்ப்பது ஒன்றுதான் மிச்சமிருந்த சோதனை.

1957க்குப் பிறகு

தொழில்நுட்பக் காரணங்களைவிட இந்த வழக்கில் என்னை அதிகம் உறுத்துவது 1957. மின்நிலையம் ஓடிய காலத்தில் அணைக்கு ஒரு வேலை இருந்தது. நீர்மட்டம் குறைந்தால் மின்சாரம் குறையும், குழாய் ஒழுகினால் பொறி தள்ளாடும். கரையைப் பாதுகாக்க வேண்டும் என்று யாரும் சொல்லாவிட்டாலும், மின்சாரத்துக்காக ஒருவர் அங்கே போயாக வேண்டும். உற்பத்தி நின்ற நாளோடு அந்தக் காரணம் தீர்ந்தது. கரை அப்படியே இருந்தது, தண்ணீர் அப்படியே நின்றது, போய்ப் பார்க்க வேண்டிய கட்டாயம் மட்டும் போய்விட்டது.

நம் ஊர்களில் நீர்க்கட்டி, மடையன், நீர்பாய்ச்சி, கம்புக்கட்டி என்று வட்டாரத்துக்கு ஒரு பெயரில் அழைக்கப்பட்டவர்கள் செய்த வேலையை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் மடை திறக்கவும் வயலுக்கு முறை வைக்கவும் போனார்கள். கரையைக் காப்பது அந்தப் போக்குவரத்தின் கூடவே நடந்தது. பாசனம் கிணற்றுக்கும் ஆழ்துளைக்கும் மாறிய ஊர்களில் ஏரிக்கு அப்படி ஒரு ஆள் இல்லாமல் போனதும், 1957இல் டக்கோவாவில் நடந்ததும் ஒரே வகை நிகழ்வு என்றே எனக்குப் படுகிறது.

1973இல் எடுத்த ஒரு புகைப்படம் பிற்பாடு விசாரணையில் முக்கியமானது. கரையின் வெளிச்சரிவில் ஓரிடம் சரிந்து கிடப்பதை அது காட்டுகிறது. சரிந்த பகுதி சுமார் 12 அடி உயரம், 30 அடி அகலம். ஒரு சிறு வீட்டின் முகப்பு அளவு மண் கீழே இறங்கியிருக்கிறது. உடைப்புக்கு நான்கு ஆண்டு முன்பே கரை தன் நோயை வெளியே காட்டிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சரிவு என்பது மண் ஏற்கெனவே தோற்றுப்போன இடம். அந்த இடத்தில் கரையின் தடிமன் குறைந்துவிட்டது. கசிவு நீர் வெளியே வரக் கடக்க வேண்டிய தூரமும் குறைந்துவிட்டது, அதனால் அதன் வேகம் கூடும். சரிந்த மண்ணை மேலே அள்ளிப் போட்டு மூடினால் வடு மறையும், பலம் வராது. செய்ய வேண்டியது வேறு: நீர்மட்டத்தைக் குறைப்பது, தளர்ந்த மண்ணை முழுவதும் வெட்டி எடுப்பது, அடியில் மணலும் சரளையும் விரித்து வடிகால் கொடுப்பது, படிப்படியாக வெட்டிய பழைய மண்ணோடு புதிய மண்ணை இணைத்து இறுக்கி, சரிவைச் சாய்த்துப் பெரிதாக்குவது. இதற்கு ஒரு பொறியாளர் வேண்டும். அவரை அனுப்பும் அதிகாரம் படைத்த ஒரு அலுவலகம் வேண்டும். 1973இல் ஜார்ஜியாவில் அணைப் பாதுகாப்புக்கென ஒரு மாநிலச் சட்டம் கிடையாது.

அந்த இரவு

நவம்பர் 2 முதல் 5 வரை அந்தப் பகுதியில் சுமார் 7 அங்குலம் மழை. அதில் பாதி, 3.5 அங்குலம், 5ஆம் தேதி மாலை 6 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையே கொட்டியது. சென்டிமீட்டரில் சொன்னால் நான்கு நாளில் 18, கடைசி ஆறு மணி நேரத்தில் 9. வடகிழக்குப் பருவமழையில் வளர்ந்தவர்கள் இதைப் பெருமழை என்று சொல்ல மாட்டார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மழையில் தூத்துக்குடி மாவட்டத்துக் குளங்கள் உடைந்ததற்கு மழையின் அளவையே முதல் காரணமாகச் சொல்லலாம். டக்கோவாவில் அப்படிச் சொல்ல இடமில்லை. ஒரு நல்ல கரை தாங்கியிருக்க வேண்டிய மழை அது.

மழையைக் கண்டு யாரும் கவலைப்படாமல் இருந்தார்கள் என்றும் இல்லை. ஓடையில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துத் தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் அந்த இரவில் அணைக்குப் போய்ப் பார்த்தார்கள். ஆபத்தாக எதுவும் தெரியவில்லை. அவர்கள் செய்ததில் குறை காண எனக்கு மனமில்லை. மழையில், இருட்டில், தன் வீட்டை விட்டு வந்து கரை ஏறியவர்கள் அவர்கள்.

ஆனால் கரை மேல் நின்று விளக்கடித்தால் என்ன தெரியும் என்பதை யோசிக்க வேண்டும். நீர்மட்டம் தெரியும். கரை விளிம்புக்கு இன்னும் எத்தனை அடி இருக்கிறது என்பது தெரியும். கரை மேல் தண்ணீர் வழியப்போகிறதா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் அங்கே பதில் கிடைக்கும். கெல்லி பார்ன்ஸ் அந்த வழியில் சாகவில்லை. அதன் நோய் வெளிச்சரிவில், மரங்களுக்கு அடியில், முப்பது நாற்பது அடி கீழே இருந்தது. அங்கே இறங்கி, கரையடியில் காலால் தடவி, வரும் நீர் தெளிவா கலங்கலா என்று பார்த்திருந்தால் ஏதாவது தெரிந்திருக்கலாம். தெரியாமலும் போயிருக்கலாம். பகலில், மழையற்ற நாளில், புதரை வெட்டிய சரிவில் செய்ய வேண்டிய சோதனை அது. நடு இரவில் அதைச் செய்யச் சொல்வது நியாயமில்லை.

வெள்ளம் அருவியிலிருந்து விழுந்து வளாகத்தை அடையச் சில நிமிடங்களே ஆயின. ஓடைக்கரையில் நகர்த்தக்கூடிய இலேசான வீடுகளில் குடும்பத்தோடு தங்கிப் படித்த மாணவர்கள் இருந்தார்கள். அடித்தளத்தோடு கட்டிப்போடாத வீடுகள் தண்ணீரில் மிதந்து நொறுங்கின. ஒரு விடுதிக் கட்டடத்தின் கீழ்த்தளமும் மூழ்கியது. எச்சரிக்கை மணியோ, மேட்டுக்கு ஓடும் பாதை குறித்த திட்டமோ எதுவும் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணமே அன்று ஒரு சிற்றணை விஷயத்தில் யாருக்கும் வந்திருக்காது. சொத்துச் சேதம் சுமார் 28 லட்சம் டாலர்.

விசாரணை சொன்னது

கூட்டரசுப் பொறியாளர்களைக் கொண்ட குழு ஒன்று அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அறிக்கை கொடுத்தது. ஒரே காரணத்தைச் சுட்ட முடியவில்லை, பல காரணங்கள் சேர்ந்தே அணையை வீழ்த்தின என்று குழு நேர்மையாக எழுதியது. அது வரிசைப்படுத்திய நிகழ்முறை இதுதான்: செங்குத்தான வெளிச்சரிவில் ஓரிடத்தில் மண் சரிந்தது. அதோடு, கரைக்குள் நீர் குழாய் போல வழி குடைந்து மண்ணை அரித்ததும் சேர்ந்திருக்கலாம். சரிவினால் கரையின் மேல்தளத்தில் ஓரிடம் உடைந்தது. அந்த உடைப்பின் வழியே தண்ணீர் பாய்ந்து அரிப்பு பெருகிக்கொண்டே போனது. நனைந்து ஊறிய வெளிக்கரை முழுவதும் இறுதியில் இடிந்தது.

குடைந்தரிப்பு என்று சொல்லப்படும் அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். எல்லா மண் கரையும் கசியும். கசிவு தெளிந்த நீராக, ஒரே அளவில் வந்துகொண்டிருந்தால் கரை அதோடு வாழும். ஒரு நாள் அந்த நீர் கலங்கி வருகிறது என்றால் உள்ளேயிருந்து மண் வெளியேறுகிறது என்று பொருள். அரிப்பு கரையடியில் தொடங்கிப் பின்னோக்கி, நீர் இருக்கும் பக்கமாக வளரும். வளர வளரத் தண்ணீர் கடக்க வேண்டிய தூரம் குறையும், வேகம் கூடும், இன்னும் அதிக மண் போகும். மாதக் கணக்கில் மெல்ல நடந்தது கடைசி ஒரு மணி நேரத்தில் தலைதெறிக்க ஓடும். ஏரியில் நீர்மட்டம் நான்கைந்து அடி கூடும் மழைநாளில் உந்துதல் கூடுவதால், அந்தக் கடைசி மணி நேரம் பெரும்பாலும் மழை இரவிலேயே வருகிறது.

ஊரார் கலங்கிய ஊற்றைக் கண்டால் உடனே களிமண்ணையும் வைக்கோலையும் திணித்து வெளியே அடைக்கிறார்கள். பதற்றத்தில் யாருக்கும் தோன்றுவது அதுதான். அப்படி அடைத்தால் நீர் பக்கத்தில் வேறு வழி உடைக்கும், அழுத்தம் கரைக்குள்ளேயே ஏறும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி, வட்டத்துக்குள் தண்ணீரை நிற்க விட்டு, முதலில் மணலும் அதன் மேல் சரளையும் அதன் மேல் ஜல்லியும் போட வேண்டும். தண்ணீர் வரலாம், மண் வரக்கூடாது என்பதே குறி. அதே நேரத்தில் மதகைத் திறந்து ஏரி மட்டத்தைக் குறைக்க வேண்டும். அதுவும் ஒரேயடியாக இறக்கினால் உட்சரிவு சரியும் என்பதால் நிதானமாக. இத்தனையும் நடக்க மதகின் கதவு துருப்பிடிக்காமல் ஏறி இறங்க வேண்டும். பயன்படாத ஏரியில் முதலில் கெட்டுப்போவது அந்தக் கதவுதான்.

மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கரையில் பெரிய மரம் வளர்ந்துவிட்டால் அதை அடியோடு வெட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். வேர் உள்ளே மக்கும்போது அது இருந்த இடம் கரைக்குள் ஒரு பொந்தாகும். முள்மரங்களைப் பொக்லைன் கொண்டு பிடுங்கிவிட்டுக் குழியைச் சும்மா தள்ளி மூடுவதும் அதே கதைதான். வேரைத் தோண்டி எடுத்து, குழியை அடுக்கு அடுக்காக இறுக்கி நிரப்ப வேண்டும். ஆகவே மரத்தைச் செடியாக இருக்கும்போதே களைவதுதான் மலிவு. இந்த வேலையை ஆண்டுக்கு ஒருமுறை ஊரே கூடிச் செய்யலாம், பெரிய செலவில்லை.

சட்டம் வந்த வழி

டக்கோவா உடைப்புக்கு ஐந்து ஆண்டு முன்பே, 1972 பிப்ரவரியில், மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ ஓடையில் நிலக்கரிக் கழிவைத் தேக்கிய கரை உடைந்து 125 பேர் இறந்திருந்தார்கள். அந்த ஆண்டிலேயே அணைகளைக் கணக்கெடுத்துச் சோதிக்க ராணுவப் பொறியாளர் படைக்கு அதிகாரம் கொடுத்துச் சட்டம் இயற்றினார்கள். சுமார் 50,000 அணைகளின் பட்டியல் தயாரானது. சோதனைக்கு மட்டும் பணம் ஒதுக்கப்படவில்லை. 1976இல் கூட்டரசே கட்டிய டீட்டன் அணை முதல்முறை நிரம்பும்போதே உடைந்தது. அப்போதும் தனியார் அணைகள் பக்கம் யாரும் திரும்பவில்லை.

1977இல் அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர் ஜார்ஜியாக்காரர், அம்மாநில ஆளுநராக இருந்தவர். அவர் மனைவி ரோசலின் டக்கோவாவுக்கு நேரில் வந்தார். அந்த மாதமே கார்ட்டர், தனியார் வசமிருந்த உயர் அபாய அணைகளைச் சோதிக்க உத்தரவிட்டார். 1981வரை சுமார் 8,800 அணைகள் சோதிக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று தெரியவந்தது. பெரும்பாலானவற்றில் கண்ட குறை, உபரிநீர் போகும் கலங்கல் போதாமை. ஐந்து ஆண்டாகச் சட்டம் கையில் இருந்தும் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

உயர் அபாயம் என்ற அந்த வகைப்பாட்டைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அணை பழுதாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் கிடையாது. உடைந்தால் கீழே உயிர் போகும் என்பதே அர்த்தம். நேற்றுக் கட்டிய உறுதியான அணையும், கீழே நான்கு வீடு இருந்தால் உயர் அபாய வகையில் வரும். 1978இல் ஜார்ஜியா கொண்டுவந்த பாதுகாப்பான அணைகள் சட்டமும் இதையே அடிப்படையாக வைத்தது. 25 அடி உயரம் அல்லது 100 ஏக்கர் அடி கொள்ளளவு இருந்தால் அணை என்று கணக்கு. உடைந்தால் உயிரிழப்பு நேரக்கூடியவை முதல் வகை. அணைக்குக் கீழே புதிதாக வீடு வந்தால் அணையின் வகையும் மாறும். கெல்லி பார்ன்ஸ் இரண்டு அளவுகோலையும் எளிதாகத் தாண்டியிருக்கும்.

இந்தியச் சட்டத்தில் வைத்துப் பார்த்தால்

இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021இல் வந்தது. 15 மீட்டருக்கு மேல் உயரமான எல்லா அணைகளும் அதற்குள் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் கூடுதலாக ஒரு தகுதியாவது வேண்டும்: கரை நீளம் 500 மீட்டர், அல்லது கொள்ளளவு 10 லட்சம் கனமீட்டர், அல்லது உச்ச வெள்ள வெளியேற்றம் விநாடிக்கு 2,000 கனமீட்டர், அல்லது மிகச் சிக்கலான அடித்தளம், அல்லது வழக்கத்துக்கு மாறான வடிவமைப்பு.

கெல்லி பார்ன்ஸை இதில் பொருத்திப் பார்த்தேன். உயரம் 12.8 மீட்டர், ஆகவே கூடுதல் தகுதி தேவை. நீளம் 122 மீட்டர், போதாது. கொள்ளளவு சுமார் 7.8 லட்சம் கனமீட்டர், போதாது. வெளியேற்றம் அந்த அளவுக்கு அருகில்கூட இல்லை. அளவுகளை மட்டும் பார்த்தால் 39 பேரைக் கொன்ற அந்த அணை நம் சட்டத்தின் கண்ணில் படாது. உள்ளே கல் தடுப்பு இருக்கிறது என்று தெரிந்த யாராவது, வழக்கத்துக்கு மாறான வடிவமைப்பு என்று எழுதிச் சேர்த்தால்தான் உண்டு. அணைக்குக் கீழே எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்ற கேள்வி அந்த வரையறையில் இல்லை.

தமிழ்நாட்டில் 39,000க்கு மேல் ஏரி, குளம், கண்மாய்கள் உள்ளன. அவற்றின் கரைகள் பெரும்பாலும் 10 மீட்டருக்குக் குறைந்தவை, ஆகவே சட்டத்துக்கு வெளியே. ஏறத்தாழ 14,000 நீர்வளத் துறையிடமும் மற்றவை பெரும்பாலும் உள்ளாட்சிகளிடமும் இருக்கின்றன. இவை அத்தனையையும் பெரிய அணைக்குரிய நடைமுறைக்குள் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆளும் கிடையாது, தேவையும் கிடையாது. கரைக்குக் கீழே வயல் மட்டும் இருக்கும் கண்மாய் உடைந்தால் ஒரு போகம் போகும், அது பெரிய துயரம்தான், ஈடு கொடுக்க முடியும். கரையடியை ஒட்டி மனைப்பிரிவு வந்துவிட்ட ஏரி வேறு. ஒன்று உடைந்தால் கீழே உள்ள அடுத்த ஏரியையும் உடைக்கும் சங்கிலித்தொடர் ஏரிகளின் தலை ஏரியும் வேறு. இந்த இரண்டு வகையையும் முதலில் பிரித்தெடுக்க வேண்டும்.

பெரிய அணைகளிலேயே புகார் கேட்க ஆளில்லாத நிலை உண்டு. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் தீவரே மண் அணை 2019 ஜூலை 2 இரவு உடைந்து இருபது பேரளவில் இறந்தார்கள். கசிவு இருக்கிறது என்று ஊர்மக்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். உடைந்த பிறகு நண்டு வளை தோண்டியதுதான் காரணம் என்று மாநில அமைச்சர் ஒருவர் பேசினார். நண்டும் எலியும் கரையைத் துளைக்கும் என்பது உண்மை. அதற்காகத்தான் கரையைப் பார்வையிடுகிறோம். வளையைக் கண்டு அடைக்காமல் விட்டது யார் என்ற கேள்வி அந்தப் பதிலில் அப்படியே நிற்கிறது.

வட்டார அளவில் செய்யக்கூடியது இது. கூகுள் வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு ஏரிக்கரைக்கும் கீழே ஒரு கிலோமீட்டர் வரை இருக்கும் வீடு, பள்ளி, விடுதி, செங்கல் சூளைக் குடியிருப்பு ஆகியவற்றைக் குறிக்க ஓர் இளநிலைப் பொறியாளருக்குச் சில வாரங்கள் போதும். ஆள் வசிக்கும் கரைகளில் பருவமழைக்கு முன் புதர் வெட்டி, வெளிச்சரிவில் இறங்கி நடந்து, கசிவு இடங்களுக்கு முளைக்குச்சி அடித்துப் படம் எடுத்து வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே இடத்தில் நின்று இன்னொரு படம். 1973 புகைப்படம் போல நான்கு ஆண்டு கழித்து விசாரணைக் குழுவின் கைக்குப் போகாமல், எடுத்த வாரமே உதவி செயற்பொறியாளர் மேசைக்குப் போக வேண்டும், அவர் அதன் மேல் என்ன முடிவெடுத்தார் என்பதும் அதே பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். நீர்வளத் துறை ஏரிகளுக்கு இதைச் செய்ய ஒரு சுற்றறிக்கை போதும். ஊராட்சி ஒன்றியத்து ஏரிகளுக்குத்தான் கேள்வி மிச்சமிருக்கிறது, ஏனென்றால் அங்கே கரையைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த பொறியாளர்கள் சாலையும் கட்டடமும் பார்ப்பதற்கே போதவில்லை. அந்தப் பணியிடங்களை நிரப்பாமல் கரைக்கு மண் அடிக்க மட்டும் நிதி ஒதுக்கினால், செங்குத்தான சரிவின் மேல் இன்னும் கொஞ்சம் மண் ஏறும். கெல்லி பார்ன்ஸை உயர்த்தியதும் அப்படித்தான்.